கொப்பரையில் ஒரு சொம்பு சுண்ணாம்பு

டீ வேண்டாம் அம்மணி, இப்போதுதான் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டு வருகிறேன். செக்கு அது பாட்டுக்கு ஓடட்டும், எனக்காக நிறுத்த வேண்டாம். இருபத்தாறு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை.

போனில் கேட்டீர்கள் அல்லவா, வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் ஆட்களைக் கரும்பாலைக்குத்தானே கூட்டிப் போவீர்கள், இந்த வருஷம் ஏன் எண்ணெய்ச் செக்கு என்று. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால்தான் நேரில் வருகிறேன் என்றேன். வேறு யாராவது வேறு மாதிரி சொல்லி உங்கள் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேர் வருகிறார்கள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, வரச் சொல்லலாமா கூடாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு ஞாயிறுதோறும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன். பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், அந்தப் பொருள் எங்கே, யார் கையில் உண்டாகிறது என்று ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று கூட்டிப் போகிறேன். பர்கூர் மலையில் எருமைத் தயிர், ஊத்துக்குளிப் பக்கம் ஒரு வீட்டு வெண்ணெய், கொல்லிமலையில் மிளகு. எல்லாம் நானே தேடிக் கண்டுபிடித்த இடங்கள். ஒரு புத்தகத்திலும் கிடையாது.

சென்னியப்பனையும் நான்தான் கண்டுபிடித்தேன். பவானி வாய்க்கால் ஓரம் வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினேன். கரும்புப்பால் கொதிக்கிற வாசம். உள்ளே போனால் ஒரு கிணற்று வாய் அகலத்துக்குக் கொப்பரை, பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர். என் வயதுதான், ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து இருக்கும். முப்பது வருஷமாக ஆலை ஓடுகிறதாம். முப்பது வருஷமாக இப்படி ஒரு இடம் இருப்பது யாருக்குமே தெரியாமல் போய்விட்டதே என்றேன். அவர் கரண்டியைக் கொப்பரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்களுக்குத்தானுங்க தெரியாம இருந்திருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே பிடித்துப்போயிற்று அவரை.

அப்போது அவர் வெல்லம் மஞ்சளாக இருக்கும். மற்ற எல்லோருடையதும் அப்படித்தான். பாகு காய்கிற நேரத்தில் ஒரு வெள்ளைப் பொடி போடுவார்கள், நிறம் வெளுப்பதற்கு. மில்லில் துணி வெளுக்கிற சாமான் அது. வியாபாரிக்கு நிறம் வேண்டும், மஞ்சளாக இருந்தால்தான் ஏலத்தில் எடுப்பான். அந்தப் பொடி என்ன, உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று சென்னியப்பனுக்கு உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். பொடியை விட்டுவிடுங்கள், கறுத்த வெல்லத்தைத் தேடி வந்து வாங்குகிற ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்றேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பருவம் முழுக்க யோசித்தார். அவர் மனைவி தேவாத்தாள், வேண்டாம் வம்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த பருவம் பொடியை நிறுத்திவிட்டார். நான் சொன்னேன் என்பதற்காக. அப்போதிருந்து நான் அவருக்கு வாத்தியார். "வாத்தியாரே, எப்ப வர்றீங்க?" என்றுதான் போனை எடுப்பார்.

நானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், அதையும் சொல்ல வேண்டும். மூன்று பருவம், ஒரு வேன் கூட வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவர் வெல்லம் முழுக்க என் ஆட்கள்தான் எடுத்தார்கள். வியாபாரிகள் ஆலைப் பக்கம் வருவதே நின்றுபோயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் போனில் அனுப்புகிற அழைப்பில் ஒரு வரி இருக்கும். கரும்புப்பால், நெருப்பு, வேறொன்றுமில்லை. இவ்வளவுதான். நல்ல வரி என்று எல்லோரும் சொன்னார்கள். சென்னியப்பன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சுண்ணாம்ப உட்டுப்போட்டீங்களே, வாத்தியாரே."

வெல்லம் காய்ச்ச உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கரும்புப்பால் சூடேறும்போது ஒரு சொம்பு சுண்ணாம்புத் தண்ணீர் விடுவார்கள். அழுக்கெல்லாம் திரண்டு மேலே நுரையாக வரும், வழித்து எடுத்துவிடலாம். அது விடாவிட்டால் பால் புளிப்புத் தட்டும், வெல்லம் உருண்டை பிடிக்காது, இளகி ஓடும். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு. ஒரு கெடுதலும் கிடையாது. அந்த வெள்ளைப் பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை எத்தனை வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன்!

அவரிடம் சொன்னேன், டவுன்காரர்களுக்குச் சுண்ணாம்பு என்றால் சுவருக்கு அடிக்கிறதுதான் ஞாபகம் வரும், பயந்துவிடுவார்கள் என்று. சொன்னால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்டார். புரியும், ஆனால் ஒவ்வொருத்தருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டும், வரி நீண்டுபோகும், எதற்கு என்றேன். படித்தவர் நீங்கள் சொன்னால் சரி என்று விட்டுவிட்டார்.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். வேன் வாய்க்கால் பாலம் தாண்டும்போது நான் ஒரு போன் அடிப்பேன். அதற்குள் சுண்ணாம்பு விட்டு, நுரை வழித்து முடித்திருப்பார். நாங்கள் போய் நிற்கும்போது கொப்பரையில் பாகு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லையே? சமையல் முடிந்த பிறகு விருந்தாளியைக் கூப்பிடுகிறோம், அவ்வளவுதான். மூன்று பருவம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

போன வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிறு. பாலத்தில் போன் அடித்தேன். காலையிலிருந்து மோட்டார் மக்கர் பண்ணுகிறது, இப்போதுதான் கொப்பரையில் பால் ஏறியிருக்கிறது, சுண்ணாம்பு இன்னும் விடவில்லை, ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார வையுங்கள் என்றார். எப்படி முடியும்? வேனில் இருந்தவர்கள் ஏற்கெனவே இரண்டு இடத்தில் டீ குடித்தாயிற்று. மதியம் ஊத்துக்குளியில் சாப்பாடு சொல்லியிருக்கிறது. ஒரு அம்மாவுக்குக் கழிவறை போக வேண்டும். நேரத்துக்கு எல்லாம் நடக்க வேண்டும், அதில்தான் எனக்குப் பெயர். வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். மோட்டார் மட்டும் அன்றைக்கு ஒழுங்காக ஓடியிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், எல்லாம் அந்த மோட்டாரில் போய்த்தான் நிற்கிறது.

வந்தவர்களில் ஷைலஜா என்று ஒரு பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் குழந்தைக்கு எதைச் சாப்பிட்டாலும் தோலில் தடிப்பு வரும், அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் வாங்க மாட்டாள். வேனில் வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள், சார், நிஜமாகவே ஒன்றும் சேர்க்க மாட்டார்களா என்று. நிஜமாகவே என்று நானும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போனபோது சென்னியப்பன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பரை பக்கத்தில் நின்றிருந்தார். பால் நன்றாகச் சூடேறிவிட்டது. இதற்கு மேல் தாமதித்தால் கொப்பரை முழுக்க வீண். விடட்டுமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் விட்டார்.

ஷைலஜா போனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அது என்ன வெள்ளையாக என்று கேட்டாள். அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் அம்மா என்றேன். அவரே சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் படம் ஊரெல்லாம் ஓடிற்று. இயற்கை வெல்லம் என்ற பெயரில் கெமிக்கல் என்று மேலே எழுதி, ஆலை, கொப்பரை, சென்னியப்பன் முகம் எல்லாம். மூன்றே நாளில் எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று கணக்கே இல்லை. வாங்கிப் போனவர்கள் வெல்லத்தை எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பருவம் அவர் ஆலைக்கு ஒரு ஆள் போகவில்லை.

என்ன, நீங்களும் பார்த்தீர்களா? எப்போது? உங்கள் தங்கை அனுப்பினாளா... சரி.

சரி. அப்படியென்றால் என் குரலும் கேட்டிருக்கும்.

இல்லை, மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் முதலில் சொன்னேன், அது சத்தியம், படத்தில் அந்த இடம் வெட்டுப்பட்டுப் போயிற்று. அவர் சுண்ணாம்பு என்றார். அவள் என் பக்கம் திரும்பி, சார், நீங்கள் ஒன்றும் சேர்ப்பதில்லை என்றீர்களே, உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். பதினாலு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். போன் என் முகத்துக்கு நேரே இருக்கிறது.

"எனக்கே இது புதுசு."

ஆமாம், அதைத்தான் சொன்னேன். மூன்று வார்த்தை. வேதியியல் வாத்தியார். ஏன் சொன்னேன் என்று ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது, வேன் ஓட்டுகிறவர் ஏதோ பேசிக்கொண்டு வரும்போது, திடீரென்று அந்த வார்த்தை என் வாயிலேயே வந்து நிற்கும். பயமா? யாருக்குப் பயம், அந்தப் பெண்ணுக்கா? நான் நிதானமாக அந்த இடத்தில் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் எல்லோரும் கேட்டுக்கொண்டு தலையாட்டியிருப்பார்கள். தெரியும் என்று சொன்னால், பிறகு ஏன் வழியெல்லாம் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்பாளே. அதற்குப் பதில் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. அவளுமே அந்த இடத்தை வெட்டியிருக்கலாம். முந்தின வரியை வெட்டத் தெரிந்தவளுக்கு இதை வெட்டத் தெரியாதா?

 நுரை திரண்டு வந்தது, சென்னியப்பன் குனிந்து வழித்துக்கொண்டிருந்தார்.

உடனே போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள். என் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். சூடு ஆறட்டும் என்று நினைத்தேன். கோபத்தில் இருப்பவரிடம் போய் என்ன பேசுவது? இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று, ஆலையும் மூடிவிடுவார்கள், இனி அடுத்த பருவம்தான் என்று விட்டேன். இப்போது கழிந்த கார்த்திகையில்தான் போனேன். இந்த வருஷத்துக்கு ஆட்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. களத்தில் ஆறப் போட்டிருந்த உருண்டையெல்லாம் மஞ்சள், எலுமிச்சம்பழ மஞ்சள். பொடிக்கே திரும்பிவிட்டார். கொப்பரை பக்கத்தில் டப்பா திறந்தபடி இருக்கிறது, ஒளிக்கக்கூட இல்லை.

என்னைப் பார்த்ததும் திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார், எதையாவது எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஒன்றும் இல்லை. வாங்க என்றார். சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். "கரும்புப்பால் குடிக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

சார். அவர் ஆலைக்கு வழி கேட்டு யார் வந்தாலும் அப்படித்தான் கேட்பார்.

இந்த விஷத்துக்கு ஏன் மறுபடியும் போனீர்கள், நான் எவ்வளவு சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத்தான் கோபம் வந்தது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"யேவாரி வந்தா வெல்லத்தப் பாக்கறானுங்க. என்ற மூஞ்சியப் பாக்கறதில்லீங்க."

தேவாத்தாள்தான் மிச்சத்தைச் சொன்னார். அந்த அம்மாவும் சண்டை போடவில்லை, ஊர்ச் செய்தி சொல்கிற மாதிரி சொன்னார். அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு வெல்லம் சென்னியப்பன் வீட்டிலிருந்துதான் போகும். அவர் அப்பா காலத்திலிருந்து. போன தையிலும் அன்றைக்குக் காய்ச்சிய முதல் வெல்லத்தைக் கூடையில் எடுத்து, துண்டால் மூடி, தலையில் வைத்துக்கொண்டு போய்க் கோயிலில் கொடுத்திருக்கிறார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கி ஓரமாக வைத்தார்களாம். ஊர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பு தெரியாதா, எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு வந்திருந்தார்கள், எல்லார் போனிலும் அந்தப் படம் இருந்தது, எதற்கு வம்பு என்று யாரோ கடையில் வெல்லம் வாங்கி வந்துவிட்டார்கள். கடை வெல்லம் மஞ்சள் வெல்லம். அதைப் போட்டுத்தான் பொங்கல் வைத்தார்கள். சாயங்காலம் இவர் போய்த் தன் கூடையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாராம். மூடிய துண்டு மூடியபடி இருந்ததாம்.

நான் என்ன சொல்ல முடியும்? இது எனக்குத் தெரியாது. ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோயிலுக்கே வந்து பேசியிருப்பேன்.

ஆனால் நான் வெறுங்கையோடு போகவில்லை, அதற்கு ஒரு வழி யோசித்து வைத்துக்கொண்டுதான் போனேன். நாம் ஒரு படம் எடுப்போம் என்றேன். நாம் இரண்டு பேரும் கொப்பரை முன்னால் நிற்போம். நீங்கள் சுண்ணாம்பு விடுங்கள், அது என்ன, எதற்கு என்று நான் விளக்குகிறேன், நான் வேதியியல் வாத்தியார், நான் சொன்னால் கேட்பார்கள். பொடியைத் தூக்கிப் போடுங்கள், ஆட்களை மறுபடியும் கூட்டி வருகிறேன். மூச்சு விடாமல் பேசினேன். இதைவிட ஒரு மனிதன் இறங்கி வர முடியுமா அம்மணி?

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கே ரெண்டு பேரும் அங்கதானுங்க நின்னுட்டிருந்தோம்."

சொல்லிவிட்டுக் கொப்பரை பக்கம் திரும்பினார். பாகு பதம் வந்துவிட்டது, இறக்க வேண்டும், ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன், கொஞ்சம் நகருங்க சார் என்றார். நகர்ந்தேன். அப்படியே வேலி வரைக்கும் வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மூன்று பருவம் அந்த மனிதருக்காக எவ்வளவு செய்தேன். மூன்று வார்த்தை, வாய் தவறி வந்தது, அதை எடுத்து ஒரு பக்கமும் நான் செய்ததையெல்லாம் ஒரு பக்கமும் வைத்தால் எது கனம்? சில நாள் நான்தான் தப்போ என்று தோன்றும். சில நாள் அவருக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று தோன்றும். முடிவாக ஒன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் படித்துக்கொண்டேன். இனி எந்த இடத்துக்குப் போனாலும் முதலிலேயே எல்லாவற்றையும் திறந்து பேசிவிட வேண்டும். அதனால்தான் ஒன்றையும் விடாமல் உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் எண்ணெயை ருசி பார்த்தேன். இப்படி ஒரு நல்லெண்ணெய் என் ஆட்கள் நாக்கில் பட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், அடித்துப் பிடித்து வாங்குவார்கள். அழைப்புக்கு வரி கூட யோசித்துவிட்டேன். உங்கள் பெயர், ஊர் பெயர், அதற்குக் கீழே 'எள்ளைத் தவிர எதுவும் இல்லாத எண்ணெய்' என்று. எப்படி இருக்கிறது?

தெரியும், தெரியும். இப்போது நீங்கள் எள்ளோடு கருப்பட்டி தட்டிப் போட்டதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அது இல்லாமல் எண்ணெய் பிரியாது, அது எனக்கும் தெரியும். ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். எண்ணெயில் கருப்பட்டியா என்று ஆரம்பித்தால் ஒவ்வொருத்தருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். காங்கேயம் தாண்டியதும் நான் ஒரு போன் அடிக்கிறேன், கருப்பட்டியை அதற்குள் போட்டு முடித்துவிட்டால்...

என்ன அம்மணி, செக்கை நிறுத்திவிட்டீர்கள்? எண்ணெய் இன்னும் பிரியவே இல்லையே.